கொங்கமாட்டோவுக்கு இறக்கை வந்த விதம்

முலோங்கா வாக்கப்பட்டு வந்து மூன்று தேனெடுப்பு முடிந்திருந்தது. ஜியுண்டுச் சதுப்பை ஒட்டிய ஊர்களில் காலத்தை அப்படித்தான் கணக்கு வைப்பார்கள். அவள் முசொம்போவுக்கு இரண்டாவது பெண்டாட்டி. முதல் பெண்டாட்டி கியோம்பா, அவளைவிடப் பத்து வயதாவது மூத்தவள். பிள்ளை இல்லை; வாய் மட்டும் இருந்தது. இரண்டு குடிசைக்கும் நடுவே ஒரே உரல். ஒருத்தி இடித்து முடிக்கும்வரை இன்னொருத்தி சோளக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். முலோங்காவின் முறை வரும்போதெல்லாம் கியோம்பாவுக்கு இன்னும் ஒரு கூடை பாக்கி இருக்கும்.

"நில்லுடி. காலு நோவுதுன்னா ஒங்க ஆத்தா வீட்டுலேருந்து ஒரு உரல் கொண்டாந்திருக்கலாம்ல."

"கொண்டாந்திருப்பேன் அக்கா. அதுலயும் ரெண்டு கூடை போட்டு வச்சிருப்பீங்க."

முசொம்போ இந்தச் சண்டைகளுக்குள் வரமாட்டான். தேனெடுப்பதில் அவனுக்கு ஈடு கிடையாது. எந்த மரத்தில் எந்தப் பக்கம் கூடு என்று தரையில் நின்றே சொல்வான். சும்மா இருக்க மட்டும் தெரியாது. மரத்தைக் கண்டால் ஏற வேண்டும், தண்ணீரைக் கண்டால் இறங்க வேண்டும், தூங்குகிற நாயைக் கண்டால் அதன் வாலை இழுத்துப் பார்க்க வேண்டும். ஊரே அவனைத் திட்டும், திட்டிக்கொண்டே சிரிக்கும்.

அந்த வருஷம் மூன்று மரப்பட்டைக் குடுவை நிறையத் தேன் கிடைத்தது. ஒன்றைக் கள் காய்ச்சுவதற்காகக் கியோம்பாவுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தான். சொன்னதை மறந்து, மூன்றையும் முலோங்காவின் தாய் ஊருக்குக் கொண்டுபோகப் படகில் ஏற்றிவிட்டான். சாயங்காலம் ஊர் முழுக்க வாசலில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் கியோம்பா நடு முற்றத்தில் வந்து நின்றாள்.

"எடுத்துட்டுப் போய்யா, எல்லாத்தையும் எடுத்துட்டுப் போ. அந்தத் தண்ணி ஒன்னையும் ஒன் தேனையும் சேத்துக் குடிக்கட்டும்."

முசொம்போ சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் புருஷனும் இளையவளும் படகேறினார்கள். குளிர்காலம். பனி தண்ணீரின்மேல் படுத்துக் கிடந்தது. கோரைகளுக்கு அடிப்பாகம் இல்லை, நுனிகள் மட்டும் அந்தரத்தில் தொங்கின. துடுப்பு தண்ணீரில் விழும் சத்தம் எங்கோ தூரத்தில் வேறொரு படகிலிருந்து வருவதுபோல் இருந்தது. முலோங்கா தேன் குடுவைகளில் சாய்ந்துகொண்டாள். அல்லிகள் இன்னும் மூடித்தான் இருந்தன. பின்னால் முசொம்போ மெல்லிய குரலில் ஏதோ பாடிக்கொண்டிருந்தான். அவள் கண் சொருகியது. தூங்கினாளா, தூங்குவதாக நினைத்துக்கொண்டாளா என்பதை அப்புறம் எத்தனையோ வருஷம் தனக்குத்தானே கேட்டுப் பார்த்தாள்.

அப்போதுதான் பக்கத்துக் கோரையிலிருந்து அது எழுந்தது. ஒரு நாரை. ஆள் உயரம் இருக்கும், சிவந்த நீள அலகு. பனிக்குள்ளிருந்து எழுந்ததால் அதன் கால்கள் தெரியவில்லை. இறக்கையை விரித்ததும் படகின் மேல் நிழல் விழுந்தது. முசொம்போ "அடேயப்பா" என்று வாய்விட்டுச் சிரித்தான். கைக்கெட்டும் உயரத்தில் போகிறதே, ஒரு இறகையாவது பிடுங்கிவிடலாம் என்று எழுந்து நின்று கையை நீட்டினான்.

படகு கவிழ்ந்து தண்ணீருக்குள் போனபின் முலோங்கா மேலே பார்த்தாள். அந்த நேரம் பார்த்துச் சூரியன் வந்திருந்தது. சிவப்பாக ஒரு வெளிச்சம், அதன் நடுவே இரண்டு பெரிய இறக்கைகள், ஈரத்தோல் மாதிரி மினுமினுத்து, அசைந்து அசைந்து, போகவே மனமில்லாததுபோல் அவள்மேல் நின்றன. பயமே இல்லை. காது நிறைய அமைதி. இப்படியே இருந்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. பிறகு தலை படகின் விளிம்பில் மோதியது. கை தானாக அதைப் பற்றிக்கொண்டது.

கவிழ்ந்த படகு ஒரு மூழ்கிய கட்டையில் மோதி முனை பிளந்து கிடந்தது. முசொம்போவின் கால்கள் கோரை வேரில் சிக்கியிருந்ததை இரண்டு நாள் கழித்துத்தான் மீன்காரர்கள் கண்டார்கள்.

அந்தப் பக்கத்தில் சாவு என்றால் அதற்கு ஒரு ஆள் உண்டு. கிழவன் தூக்கத்தில் செத்தாலும் யாரோ ஒருவர் மனதில் நினைத்ததால்தான் செத்தான். முசொம்போவின் அண்ணன் இலுங்கா பொல்லாதவன் அல்ல. தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவன். சோகத்தை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பது என்று தெரியாமல் முலோங்காவின் பாயருகே வந்து உட்கார்ந்தான்.

"என்ன நடந்துச்சு? உள்ளது உள்ளபடி சொல்லு."

காய்ச்சலில் கிடந்தவள் உள்ளது உள்ளபடியே சொன்னாள். பனி, நாரை, அவன் சிரித்தது, எழுந்து நின்றது.

இலுங்கா தலையை அசைத்தான். "பொறந்ததுலேருந்து நாரையப் பாக்கறவன். ஒரு நாளும் படகுல எந்திரிச்சதில்ல. அன்னிக்கு மட்டும் ஏன் எந்திரிச்சான்? யாரு எந்திரிக்க வச்சது?"

"யாரும் எந்திரிக்க வைக்கல மூத்தவரே. அவரு அப்படித்தான்."

"முந்தின நாளு ஊரே கேட்டுச்சு." வாசலுக்கு அப்பால் தெரிந்த கியோம்பாவின் குடிசையைப் பார்த்துக்கொண்டே எழுந்து போனான்.

குறிசொல்லும் மக்காயிக்கு ஆள் போயிற்று. அவன் நான்கு நாளில் வருவான். வந்தால் பானையில் தண்ணீர் கொதிக்கும், உள்ளே ஒரு கல்லைப் போடுவார்கள், கியோம்பா கைவிட்டு அதை எடுக்க வேண்டும். தோல் உரிந்தால் அவள்தான் செய்தாள். தோல் உரியாமல் யார் கையாவது வெளியே வந்ததாக ஊரில் யாருக்கும் நினைவில்லை.

ஊரில் யாரும் கியோம்பாவோடு பேசவில்லை. அவள் சோளம் இடித்துக்கொண்டே இருந்தாள். பாயில் கிடந்த முலோங்காவுக்கு அந்தச் சத்தம் காய்ச்சலுக்குள் கேட்டது. டொக், டொக் என்று விடியலில் தொடங்கி வெயில் சாயும்வரை. இத்தனை சோளம் இவளுக்கு ஏது என்று நினைத்தாள். இரண்டாம் நாள் மத்தியானம் சத்தம் நின்றது. கியோம்பா குனிந்து உள்ளே வந்து, ஒரு கூடை மாவைச் சுவரோரம் வைத்தாள்.

"ஒன்னோட சோளத்தையும் சேத்து இடிச்சிட்டேன். காய்ச்சக்காரி வந்து கூடையோட நிக்க வேணாம்."

முலோங்கா அவள் கைகளைப் பார்த்தாள். உள்ளங்கையில் கொப்புளம் உடைந்திருந்தது.

"அக்கா, நீங்க ஓடிப்போயிடுங்களேன்."

"எங்கடி ஓடறது? எங்க ஊருல என்னத் தெரிஞ்சவங்க எல்லாம் மண்ணுக்குள்ள இருக்காங்க." வாசலில் நின்று, திரும்பாமலே சொன்னாள்: "சொன்னேன்ல. நாக்கு சொல்லிருச்சு. சொன்னது நடந்துருச்சு. அவங்க மேல என்ன தப்பு?"

அவள் போன பிறகு முலோங்கா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். கியோம்பாவை அவளுக்குப் பிடிக்காது. அந்த நிமிஷத்திலும் பிடிக்கவில்லை. ஆனாலும் கூரையில் அந்தச் சிவந்த வெளிச்சம் வந்தது, இறக்கைகள் வந்தன. அவை அசைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்த நாட்டில் கொங்கமாட்டோ என்று ஒரு சொல் வெகுகாலமாக உண்டு. படகைக் கவிழ்ப்பது என்று பொருள். வெள்ளம் திடீரென்று ஏறினாலும், அமைதியான துறையில் ஆள் காணாமல் போனாலும் "கொங்கமாட்டோ" என்பார்கள். அது விலங்கா, காற்றா, தண்ணீரேதானா என்று யாரும் கேட்டதில்லை. அதற்கு உடம்பு கிடையாது, பெயர் மட்டும்தான்.

மறுநாள் காலை முலோங்கா தள்ளாடி எழுந்து, பெரியவர்கள் கூடும் கொட்டகைக்குப் போனாள். பெண்கள் கூப்பிடாமல் அங்கே போவதில்லை. பேச்சு நின்றது.

"மூத்தவரே, நான் முன்னாடி சொன்னது பொய்," என்றாள். "பயந்துபோய் நாரைன்னு சொன்னேன். நாரை இல்ல. கொங்கமாட்டோ. என் கண்ணால பாத்தேன்."

யாரோ இருமினார்கள். இலுங்கா நிமிர்ந்தான். "என்னத்தப் பாத்த?"

"செவப்பா இருந்துச்சு. எறகு கிடையாது, வெறும் தோலு, ஈரமா மின்னுச்சு. எறக்கைய விரிச்சா படகு மொத்தமும் நெழலு. அவரு என்னக் காப்பாத்தத்தான் எந்திரிச்சாரு."

"எறக்கையா? கொங்கமாட்டோவுக்கு எறக்கை இருக்கறதா இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லையே."

"பாத்தவங்க யாரும் திரும்பி வந்ததில்ல மூத்தவரே. அதான்."

கொட்டகையில் இருந்த ஏழெட்டுப் பேரும் ஒரே சமயத்தில் சதுப்பின் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். முலோங்காவும் பார்த்தாள். தான் சொன்னதில் எது பொய் என்று அவளாலேயே பிரித்தெடுக்க முடியவில்லை. சிவப்பு பொய்யில்லை. தோல் மாதிரி மின்னியதும் பொய்யில்லை.

மக்காயி வந்தான். ஒல்லியான ஆள், தூக்கம் கலையாதவன் மாதிரி கண். பிளந்த படகைத் தடவிப் பார்த்தான். முலோங்காவைத் தனியே கூப்பிட்டுச் சதுப்போரம் உட்கார வைத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லச் சொன்னான். சொல்லி முடித்ததும் ஒரு புல்லைக் கடித்துக்கொண்டே கேட்டான்.

"மூத்தவ ஒன்ன நல்லா பாத்துக்குவாளா?"

"இல்ல ஐயா."

"அடிச்சிருக்காளா?"

"வாயால."

அவன் முதல்முறையாகச் சிரித்தான். "சரி. அதுக்கு எறக்கை இருக்குதுன்னு தெரிஞ்சது நல்லதாப் போச்சு. எறக்கை இருந்தா மருந்தும் இருக்கு."

முலெண்டி மரத்து வேரைத் தோண்டி எடுத்து இடித்து, மரப்பட்டைக் குடுவைத் தண்ணீரில் கரைத்தான். குச்சிக் கட்டொன்றை அதில் தோய்த்து, துறையில் தெளித்தான். துறை கடக்கும் ஒவ்வொருவருக்கும் முன்னால் இந்தத் தண்ணீரைத் தெளிக்க வேண்டும், தெளித்தால் அது வராது என்றான். யார் தெளிப்பது என்று இலுங்கா கேட்டான். பார்த்துத் திரும்பியவள்தான் தெளிக்க வேண்டும் என்றான் மக்காயி. பானை அடுப்பில் ஏறவே இல்லை.

துக்கம் கழிந்ததும் முலோங்காவைத் தாய் ஊருக்கு அழைத்துப்போக அவள் தம்பி வந்தான். அவள் போகவில்லை. துறைக்கு மேலே மேட்டில் ஒரு குடிசை போட்டாள். பத்து நாள் கழித்துக் கியோம்பா உரலை உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

"ஒன்னப் பாக்கறதுக்கு வரல. உரலு தனியா கெடந்துச்சு," என்றாள்.

அப்புறம் அவர்கள் முப்பது தேனெடுப்பு அங்கேயே இருந்தார்கள். துறை கடக்க வருகிறவர்கள் மேட்டில் உட்கார்ந்து இளைப்பாறுவார்கள், புளித்த சோளக் கூழான முன்கோயோ குடிப்பார்கள், கொங்கமாட்டோவைப் பற்றிச் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். முலோங்காவுக்குக் கூட்டிச் சொல்ல வராது. சிவப்பு, தோல், இறக்கை என்று சொல்லிவிட்டு அப்படியே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவாள். அதுவே ஆட்களை மயிர்க்கூச்செறிய வைக்கும். ஒருமுறை உப்பு வியாபாரிகள் நாலு பேர் அப்படி உட்கார்ந்திருந்தபோது, மாவு சலித்துக்கொண்டிருந்த கியோம்பா தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"பல்லும் இருந்துச்சு. அலகு முழுக்கப் பல்லு. எம் புருஷன் முதுகுல தடம் பாத்தேன்."

அவர்கள் அவசர அவசரமாகத் தெளித்துக்கொண்டு போனபின் முலோங்கா கேட்டாள். "பல்லு எங்கேருந்து வந்துச்சு அக்கா?"

"பல்லில்லாதது எப்படிடி படகை ஒடைக்கும்? நீதான் யோசிச்சுச் சொல்லியிருக்கணும்."

பல் அன்றிலிருந்து நிலைத்துவிட்டது. பிறகு மற்றவர்களும் பார்க்கத் தொடங்கினார்கள். ஒரு வேட்டைக்காரன் சதுப்பின் நடுவில் அதன் கூச்சலைக் கேட்டதாகச் சொன்னான். நெஞ்சில் நீளக் காயத்தோடு வந்த ஒருவன், அது கொத்தியதென்று சத்தியம் செய்தான். முலோங்கா அவன் காயத்துக்கு மருந்து வைத்துக் கட்டினாள். அவன் நடுங்கிக்கொண்டிருந்தது நடிப்பில்லை. அன்று மத்தியானம் வெயிலில் கண் அயர்ந்தபோது அவள் கனவில் அது வந்தது. துறைக்கு மேலே மெதுவாக வட்டமிட்டது. அவளை அடையாளம் தெரிந்துகொண்டதுபோல ஒருமுறை தலையைச் சாய்த்தது. விழித்த பிறகும் மண்மேல் அந்த நிழல் சிறிது நேரம் நகர்ந்துகொண்டிருந்ததாக அவளுக்கு நினைப்பு.

வெள்ளைக்காரர்களின் அரசாங்க அலுவலகமான போமாவிலிருந்து ஒரு துரை வந்தது அதற்குப் பல வருஷம் கழித்து. கூடவே சுமைகாரர்கள், மொழி சொல்ல ஒரு ஆள். துரை முழங்கால்வரை சேற்றோடு மேட்டில் உட்கார்ந்து, பெட்டியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்தார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் காட்டினார். கொக்கு, வௌவால், கழுகு, முதலை. முலோங்கா ஒவ்வொன்றுக்கும் பெயர் சொன்னாள். ஒரு பக்கத்தில் அவள் கை நின்றது.

தோல் இறக்கை. நீண்ட வாய். வாய் நிறையப் பல்.

கியோம்பா தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "இதேதான்," என்றவள் உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். முலோங்கா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். தான் சொன்னதையும் இவள் சேர்த்ததையும் ஒட்டி, கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து யாரோ வரைந்து வைத்திருந்தார்கள்.

"இத வரைஞ்சவரோட படகும் கவுந்துச்சான்னு கேளுங்க," என்றாள் மொழி சொல்லும் ஆளிடம்.

அவன் கேட்டான். துரை சிரித்தார், நீளமாக ஏதோ சொன்னார். "வரைஞ்சவரு பாத்ததில்லையாம்," என்றான் அவன். "யாருமே பாத்ததில்லையாம். பாறைக்குள்ள எலும்பு கெடந்துச்சாம். அத வச்சு, இப்படித்தான் இருந்திருக்கும்னு வரைஞ்சாங்களாம்."

"பல்லுமா?"

"பல்லும்தான்."

கியோம்பா மெதுவாகச் சொன்னாள், "அவங்க ஊருலயும் நம்மள மாதிரி ரெண்டு பொம்பளைங்க இருந்திருக்காங்கடி." துரை அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். மொழி சொல்லும் ஆள் ஒன்றுமில்லை என்றான். துரை தன் சிறிய ஏட்டில் வெகுநேரம் எழுதிக்கொண்டிருந்தார். போகும்போது தன்மேல் தண்ணீர் தெளிக்கச் சொல்லித் தலையைக் குனிந்து நின்றார்.

கியோம்பாவுக்கு முடியாமல் போனது ஒரு மழைக்கால முடிவில். கால் வீங்கி, உட்கார்ந்த இடத்தைவிட்டு எழ முடியாமல் ஆனாள். முலோங்கா அவளைத் தினமும் காலையில் தூக்கி வெளியே கொண்டுவந்து, சதுப்பு தெரிகிற இடத்தில் சாய்த்து வைப்பாள். ஒரு காலைப் பனியில் இருவரும் அப்படி இருந்தபோது, கோரைக்குள்ளிருந்து ஒரு நாரை எழுந்து அவர்கள் தலைக்கு மேலாகப் போனது.

"ஏன்டி," என்றாள் கியோம்பா. "அன்னிக்கு நெசமா என்ன நடந்துச்சு?"

"ஒங்களுக்குத் தெரியாதா அக்கா?"

"எறக்கையும் பல்லும் ஒண்ணுமில்லன்னு தெரியும். அதத்தான் வருஷக்கணக்கா வித்துக்கிட்டிருக்கோமே. என் வாயி அவனக் கொன்னுச்சு, நீ அதுமேல துணியப் போட்டு மூடின. அது தெரியும். அதுக்குள்ள என்ன இருந்துச்சுன்னுதான் கேக்கறேன்."

முலோங்கா அவள் கால்களைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பனியைச் சொன்னாள். அவன் பாடியதைச் சொன்னாள். நாரை எழுந்ததைச் சொன்னாள். "அடேயப்பான்னு சிரிச்சாரு. ஒரு எறகு புடுங்கணும்னு எந்திரிச்சாரு. அவ்வளவுதான்."

"சிரிச்சானா?"

"ஆமா அக்கா."

"நான் சொன்னது அவன் மனசுல இல்லியா?"

"படகுல ஏறும்போதே அவரு அத மறந்துட்டாரு. திரும்பி வரும்போது ஒங்களுக்கு ஒரு துணி வாங்கணும்னு சொன்னாரு. தேன் குடுக்காததுக்காக."

கியோம்பாவின் உதடு அசைந்தது. "எறகு புடுங்கப் போனானாம். எறகு," என்றாள். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து முலோங்கா குனிந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணீர் அதன்போக்கில் வழிந்தது.

"இத அப்பவே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லடி, பாவி."

"சொன்னேன் அக்கா. எல்லார்கிட்டயும் சொன்னேன். அவரு சிரிச்சத மட்டும் யாரும் ஒங்க வீட்டு வாசலுக்குக் கொண்டு வரல."

"நீ கொண்டு வந்திருக்கலாம்."

அது உண்மைதான். முலோங்கா அவள் கால்களைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தாள். துணி வாங்கித் தருவதாக முசொம்போ சொன்னது நடந்ததா, அந்தக் காலையில் அவள் சேர்த்ததா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. கியோம்பா அதைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. காய்ந்த புல்லுக்கு முதல் தீ வைக்கும் நாட்களில், தூக்கத்திலேயே போய்விட்டாள். யாரால் செத்தாள் என்று இந்தமுறை ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வந்திருந்தால் முலோங்கா உலக்கையோடு நின்றிருப்பாள்.

அதன் பின் அவளுக்குத் துறையில் இருப்புக் கொள்ளவில்லை. தெளிக்கும் வேலையை மக்காயியின் தங்கை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, இரண்டு நாள் நடையில் இருந்த தன் தங்கை மகளின் ஊருக்குப் போனாள். அங்கே சதுப்பு இல்லை, மேட்டு நிலம், சோளக் காடு. தங்கை மகளுக்கு நாலு குழந்தைகள். கிழவி அதிகம் பேசமாட்டாள் என்று அவர்களுக்கு அவளைப் பிடித்திருந்தது.

அறுப்பு முடிந்த ஒரு சாயங்காலம் தேனில் கள் காய்ச்சியிருந்தார்கள். வெளியூர் ஆள் ஒருவன் நடுவில் உட்கார்ந்து கொங்கமாட்டோவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் கதையில் அதன் வாயிலிருந்து புகை வந்தது. அதைப் பார்த்து உயிரோடு திரும்பியவள் ஒரே ஒருத்தி, அவள் பேரழகி, அன்றிலிருந்து அவளுக்குப் பேச்சே வரவில்லை என்றான். குழந்தைகள் முலோங்காவின் மடியில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"பொகையெல்லாம் வராது," என்றாள் முலோங்கா.

அவன் மரியாதையாகத்தான் திரும்பினான். "ஆத்தா, நீங்க அந்தப் பக்கம் போயிருக்கீங்களா?"

"போயிருக்கேன்."

"பாத்திருக்கீங்களா?"

எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். சிவந்த வெளிச்சம் சோளத் தாளின் மேல் சாய்ந்துகொண்டிருந்தது.

"தண்ணிக்குள்ளேருந்துதான் பாத்தேன். சரியாத் தெரியல," என்றாள். "நீ சொல்லுப்பா. அந்தப் பொண்ணு என்ன ஆனா?"

அவன் சொல்லத் தொடங்கினான். முலோங்கா மடியில் இருந்த குழந்தையின் காதைத் தன் கையால் பாதி மூடிக்கொண்டு கேட்டாள்.